கவாத்துக் கத்தரிக்கு ஒரு தோல் உறை: முதன்முதலாகத் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை. காரமடைப் பக்கம் கறிவேப்பிலை. உடுமலை, கோபிப் பக்கம் மல்பெரி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் திராட்சை. கொங்கு நாட்டில் இப்படி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கவாத்துக் கத்தரி இருக்கும். அதை வைக்கத்தான் இடம் இருக்காது. வேட்டி மடிப்பில் சொருகுவார்கள், பேன்ட் பின்பாக்கெட்டில் போடுவார்கள், வரப்பில் வைத்துவிட்டு அரைமணி நேரம் தேடுவார்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் உறையைத் தன் கையாலேயே செய்ய நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தோல் வேலை முன்பின் தெரியாதவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே உறை செய்யலாமா? பர்ஸ், சாவிக்கொத்து என்று சின்னதாகத் தொடங்குவதுதானே முறை?

தாராளமாக உறையிலேயே தொடங்கலாம். பர்ஸ் பார்க்கத்தான் சின்னது. மெல்லிய தோல், நான்கைந்து அடுக்கு, நெருக்கமான தையல் என்று அது புதியவரைப் படுத்தி எடுக்கும். உறைக்கு ஒரு மடிப்பு, ஒரு தையல் வரிசை, பெல்ட் கோக்க ஒரு பட்டை, அவ்வளவுதான். தோலும் கனமாக இருப்பதால் கை கொஞ்சம் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். அளவெடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது, ஈரத்தில் வடிவம் பிடிப்பது, ஓரம் மெருகேற்றுவது எல்லாவற்றையும் இந்த ஒரே பொருளில் கற்றுக்கொண்டுவிடலாம். தவிர, முடித்த மறுநாளே தோட்டத்தில் பயன்படும்.

எந்தத் தோல் வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உறை நன்றாக வருமா வராதா என்பதில் பாதி, தோல் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

பதனிட்ட தோலில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று குரோம் உப்பில் பதனிட்டது. கைப்பை, ஷூ மேல்பாகம், சோபா இவற்றுக்கெல்லாம் போகும் மெத்தென்ற தோல் அது. இன்னொன்று மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்டது. கடைக்காரர்கள் வெஜ் டேன் என்பார்கள். உறைக்கு வேண்டியது இரண்டாவதுதான். பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து ஒரு பொருளின் மேல் அழுத்தி வைத்தால், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது, காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். உறையின் வாய் தளர்ந்து மூடிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் இடது கையால் விரித்துப் பிடித்துத்தான் கத்தரியைச் சொருக வேண்டிவரும். அப்படி ஒரு உறை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திருச்சி, திண்டுக்கல் போல ஈரோடும் பட்டைத் தோலுக்குப் பேர்போன ஊர். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வெளிநாடுகளுக்குப் போய், புவிசார் குறியீடும் பெற்ற சரக்கு அது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பது பழைய முறை. இன்று வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சத்து நிறையச் சேர்கிறது. பொங்கலுக்கு முன்னால் காப்புக்கட்டுக்காக வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டு இறவாணத்தில் சொருகுகிறோமே, அதே ஆவாரைதான். நம் மேட்டாங்காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் செடிக்கு இத்தனை பெரிய வேலை இருக்கிறது.

கடையில் பார்த்ததும் வகையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலில் நடுப்பகுதி சாம்பலோ நீலமோ ஓடியிருக்கும். அடுத்து, சாயம் ஏற்றாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கருக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு துணுக்கு வாங்கி வந்து கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிக் கட்டையாகிவிடும். குரோம் தோல் பெரிதாக மாறாமல் கிடக்கும். இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது: பட்டைத் தோலுக்குச் சூடு ஆகாது. ஈரத்தோலைக் காயவைக்கும்போது இதை மறந்துவிடக்கூடாது.

எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

ஈரோட்டில் பி.பெ. அக்ரஹாரம் பக்கம் தோல் மண்டிகளும் பதனிடும் ஆலைகளும் உண்டு. சென்னை போய்வருபவர்களுக்குப் பெரியமேடு இருக்கிறது. மேல்தோலைச் சதுர அடிக் கணக்கிலும், செருப்பின் அடிப்பாகத்துக்கான சோல் தோலைக் கிலோக் கணக்கிலும் விற்பார்கள். ஒரு உறைக்கு ஒன்றரைச் சதுர அடி தாராளம். முழுத்தோல் வாங்க வேண்டாம். வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பெல்ட் செய்பவர்களிடமும் கழிவுத்துண்டு கிடைக்கும்.

துண்டு பொறுக்கும்போது அது உடம்பின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். முதுகும் பின்தொடைக்கு மேற்பகுதியும் இறுக்கமான தோல். வயிற்றுப்பகுதி இழுத்தால் இழுபடும், இரண்டு மாதத்தில் உறை தொங்கிப்போகும். கழுத்தில் சுருக்கக் கோடுகள் இருக்கும். துண்டை மடித்துப் பாருங்கள், விரலால் இழுத்தும் பாருங்கள். இழுபடும் துண்டு விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

எத்தனை மில்லிமீட்டர் தடிமன்?

3 முதல் 3.5 மி.மீ. எருமைத் தோல் என்றால் இந்தத் தடிமன் சுலபமாகக் கிடைக்கும். மாட்டுத் தோலில் ஒன்றரை மி.மீ.தான் அகப்படுகிறது என்றால் இரண்டு துண்டை உட்புறமும் உட்புறமும் சேரும்படி ஒட்டி ஒன்றாக்கிக்கொள்ளலாம். ஆட்டுத்தோல் உறைக்கு ஆகாது. வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் என்று சொன்னால் ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் 8 அவுன்ஸ் நம்முடைய 3.2 மி.மீ.

கருவிகளுக்கு நிறையச் செலவாகுமா?

ஆகாது. ஆன்லைனில் அறுபது உருப்படி கொண்ட பெட்டி ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதை வாங்க வேண்டாம். பாதிக் கருவியைத் தொடக்கூட மாட்டீர்கள், மீதிப் பாதிக்குக் கூர் நிற்காது.

அகலமான பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், ஒரு நல்ல குத்தூசி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு ஏற்றிய 1 மி.மீ. பாலியெஸ்டர் நூல், மரச்சுத்தி, உப்புத்தாள், நான்கைந்து பேப்பர் கிளிப். தையல் இடைவெளி குறிக்க வீட்டிலிருக்கும் முள்கரண்டியே போதும், முனைகளை வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் சீரான புள்ளிகள் விழும். இதில் குத்தூசிக்கும் கட்டர் பிளேடுக்கும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் மாற்றிவிடுங்கள். மழுங்கிய பிளேடைத்தான் அழுத்திப் பிடிப்போம், அழுத்தும்போதுதான் வழுக்கி விரலுக்கு வரும்.

அச்சு எடுப்பது எப்படி?

இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். தையல் கோணலாகப் போனாலும் உறை வேலை செய்யும். அச்சு தவறினால் கத்தரி உள்ளேயே போகாது, இல்லையென்றால் குனிந்தவுடன் வெளியே விழும்.

ஒரு சார்ட் தாளை நடுவில் மடியுங்கள். கத்தரியை மூடிப் பூட்டி, அதன் முதுகுப்பக்கம் மடிப்பை ஒட்டியிருக்குமாறு தாளுக்குள் வையுங்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெட்டும் அலகும், திருகாணி இருக்கும் மூட்டும், ஸ்பிரிங்கும் உறைக்குள் இருக்க வேண்டும். கைப்பிடியில் பெரும்பகுதி வெளியே நிற்க வேண்டும், உள்ளங்கை முழுதாகப் பிடித்து உருவுகிற அளவுக்கு. கையுறை போட்டு வேலை செய்பவர் என்றால் கையுறையோடு பிடித்துப் பாருங்கள்.

இப்போது மேல்தாளைக் கத்தரியின் மேல் இறுக்கிப் போர்த்தி, இரண்டு தாளும் வந்து சேரும் இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போங்கள். மூட்டு இருக்கும் இடத்தில் தாள் புடைத்துக்கொண்டு கோடு வெளியே தள்ளும், அலகு நுனியில் உள்ளே வரும். நீவிய தடத்தின் மேல் பென்சிலால் வரையுங்கள். இது கத்தரிக் கோடு. தோல் தாளைவிடக் கனம் என்பதால் அதற்கு வெளியே 3 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு, இது தையல் கோடு. அதற்கும் வெளியே 6 மி.மீ. விட்டால் அதுதான் வெட்டும் கோடு.

இத்தோடு தோலுக்குப் போய்விடாதீர்கள். செருப்புக்கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ரப்பர் ஷீட்டிலோ கனமான பழைய ரெக்சினிலோ அதே அளவில் ஒன்று வெட்டி, ஓரத்தில் கிளிப் போட்டு, கத்தரியைச் சொருகி உருவிப் பாருங்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், குனியுங்கள், மொபெட்டில் ஏறி இறங்குங்கள். தொடையில் இடிக்கிறதா, வாய் அகலமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். திருத்த வேண்டியதைத் தாளில் திருத்திவிட்டு, முடிவான அச்சைக் கனமான அட்டையில் வெட்டிப் பத்திரமாக வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்பார்.

அண்ணா, எங்கய்யன் வேட்டிதான் கட்டுவாருங்க. பச்சை பெல்ட்ல மாட்டுற மாதிரி செய்ய முடியுங்களா?

முடியும், ஆனால் அளவு வேறு. பேன்ட் பெல்ட் ஒன்றரை அங்குலம். பாக்கெட் வைத்த பச்சை பெல்ட் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம், கனமும் அதிகம், பாக்கெட்டில் பணமும் செல்போனும் இருந்தால் இன்னும் புடைக்கும். அய்யன் கட்டுகிற பெல்ட்டையே வாங்கி, பொருள்கள் போட்ட நிலையில் நூலால் சுற்றளந்து, பட்டை அதற்கு மேல் ஒரு விரல் தாராளமாக இருக்கும்படி வெட்டுங்கள். பட்டை மேலே நீளமாகப் போவதால் உறை ஆடும். அதற்குப் பட்டையின் கீழ்நுனியை இரண்டு வரிசை தைப்பதோடு இரண்டு செம்பு ரிவெட்டும் அடித்துவிட்டால் பிடிப்பாக நிற்கும். பெல்ட்டைக் கழற்றாமல் மாட்ட வேண்டும் என்றால் பட்டையின் ஒரு நுனியைத் தைக்காமல் இரண்டு டிச்சு பட்டன் வைக்கலாம். அந்த நுனியை மட்டும் 2 மி.மீ.க்குச் சீவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டன் கால் எட்டாது.

ஓரத்தில் நடுவே ஒரு தோல் நாடா வைத்துத் தைக்கிறார்களே, அது எதற்கு?

இரண்டு காரணம். கத்தரிக்குத் தடிமன் இருக்கிறது, வெறுமனே இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் அந்தப் பக்கம் இடம் போதாது. நடுவே 3 மி.மீ. நாடா ஒன்று போனால் இடம் கிடைக்கும். கத்தி உறையாக இருந்தால் இது இன்னும் முக்கியம், அலகு நேராகப் போய் நூலை அறுக்காமல் நாடாவில் முட்டி நிற்கும். அடிநுனியில் மட்டும் நாடாவையும் தையலையும் கொஞ்சம் நிறுத்தி ஒரு சின்ன ஓட்டை விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீரும் மண்ணும் இலைத்துணுக்கும் அந்த வழியாக வெளியேறிவிடும்.

ஒட்டியபிறகு தைப்பதா, தைத்தாலே போதுமா?

ஒட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும். முதலில் பெல்ட் பட்டையை உறையின் பின்பக்கத்தில் தைத்து முடித்துவிடுங்கள், மடித்த பிறகு அங்கே ஊசி போகாது. மடிப்பு வரும் இடத்தை உட்பக்கத்தில் நனைத்து மெதுவாக மடியுங்கள். காய்ந்த தோலை மடக்கினால் மேற்பரப்பு வெடிக்கும்.

பசைக்கு, செருப்பு ஒட்டும் ரப்பர் பசை. ஃபெவிகால் எஸ்ஆர் என்று கேட்டால் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒட்டும் இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, அப்புறம் சேர்த்துச் சுத்தியால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. வாடை தலைக்கேறும், திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

தையல்?

ஒரு நூல், இரண்டு ஊசி. நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். குதிரைச் சேணம் தைப்பதும் இப்படித்தான். தையல் மெஷினில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும், ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். இந்தக் கைத்தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் இன்னொரு பக்கத்து நூல் அதே துளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நூல் எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மெல்லிய தோலுக்குச் சரி. நம் உறையின் ஓரம் தோல், நாடா, தோல் என்று 9 மி.மீ. இருக்கிறது. 4 மி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பக்கத்து நூல் மட்டும் 13 மி.மீ. செலவாகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறரை மடங்கு, பிடிப்பதற்கும் முடிச்சுக்கும் வேறு வேண்டும். 20 செ.மீ. தையலுக்கு ஒன்றேமுக்கால் மீட்டர் நூலை வெட்டிக்கொண்டு உட்காருங்கள்.

9 மி.மீ. கனத்தைக் குத்தூசியால் நேராகத் துளைப்பது புதிய கைக்குக் கஷ்டம். முன்பக்கம் நேராக இருக்கும், பின்பக்கம் புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் போகும். வீட்டில் ட்ரில் மெஷின் இருந்தால் 1.2 மி.மீ. பிட் போட்டு, உறையைப் பலகையில் கிடத்தி, செங்குத்தாகத் துளையுங்கள். இதில் ஒரு குறையும் இல்லை. ஊசி போகும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வலது ஊசி முதலில் என்றால் கடைசிவரை வலதுதான் முதலில், இரண்டாவது ஊசி எப்போதும் முதல் நூலுக்கு ஒரே பக்கத்தில்தான் நுழைய வேண்டும். வரிசை மாறாமல் இருந்தால் தையல் தானாகச் சாய்ந்து அழகாக விழும். உறையின் வாயருகே இரண்டு மூன்று தையல் திரும்பப் போட்டு முடியுங்கள். கத்தரியின் பூட்டு நழுவினால் ஸ்பிரிங் முழு வேகத்தில் விரியும், அந்த அடி விழுவது வாய்த்தையலில்தான்.

நனைத்து வடிவம் பிடிப்பது எப்படி? வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே?

வெயில் வேண்டவே வேண்டாம்.

தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். தோலிலிருந்து குமிழி கிளம்பி வரும், அது அடங்கியதும் எடுத்துவிடலாம். உடனே அழுத்தாதீர்கள். மேற்பரப்பில் கருத்த நிறம் போய்ப் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்வரை பொறுங்கள், தொட்டால் சில்லென்று இருக்கும், பிழிந்தால் தண்ணீர் வராது. அந்தப் பதத்தில் தோல் பிசைந்த மாவு போலச் சொன்னபடி கேட்கும். கத்தரிக்கு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவரை இறுக்கமாகச் சுற்றி உள்ளே சொருகுங்கள். மூட்டைச் சுற்றி, அலகின் ஓரத்தைச் சுற்றி, விரல்நுனியால் அழுத்தி நீவுங்கள். நகம் படக்கூடாது, ஈரத்தோலில் விழுந்த நகத்தடம் காய்ந்தபின் போகாது. ஸ்பூனின் பின்புறம் இதற்கு நல்ல கருவி. வாயை மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள்.

கத்தரி உள்ளே இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, நெகிழ்ந்த இடத்தை மறுபடி அழுத்துங்கள். கொஞ்சம் விறைத்ததும் கத்தரியை உருவிவிட்டு நிழலில் ஒரு முழுநாளாவது காயவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பல்லடம், உடுமலை எங்கும் வாரி அடிக்கும். அந்தக் காற்றில் தொங்கவிட்டால் மேல்பக்கம் மட்டும் சடக்கென்று காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, தோல் வெடவெடத்துக் கோணிக்கொள்ளும். அந்த மாதங்களில் உள்ளறையில் வையுங்கள். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், கார் டாஷ்போர்டு எதுவும் வேண்டாம்.

நனைத்ததும் கறுப்புப் புள்ளி விழுகிறது. தோல் கெட்டுப்போனதா?

கெடவில்லை. பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீர், துருப்பிடித்த வாளி, கத்தரியின் இரும்பு, உப்புத்தாள் தேய்த்த இரும்புத்தூள் எது பட்டாலும் இப்படி ஆகும். கத்தரிக்கு கவர் சுற்றச் சொன்னது இதற்காகத்தான். சிறுவாணித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் அதில் நனையுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் தண்ணீர். புள்ளி விழுந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சால் ஒற்றி, கொஞ்ச நேரத்தில் நல்ல தண்ணீரால் துடைத்தால் மங்கும்.

முழு உறையும் கறுப்பாக வேண்டும் என்றால் இதே குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். வினிகரில் இரும்புத்துகளைப் பல நாள் ஊறவைத்து வடிகட்டித் தடவினால் தோல் ஆழமாகக் கறுக்கும், கையில் ஒட்டாது.

ஓரத்தை எப்படி மினுக்குவது?

உப்புத்தாள் 220, அப்புறம் 400 போட்டு மூன்று அடுக்கும் ஒரே மட்டமாக வரும்வரை தேயுங்கள். மேல் விளிம்பின் கூர்மையைச் சீவி உருட்டுங்கள். லேசாக நனைத்து, வேலம்பிசினைக் கரைத்துத் தடவி, பழைய ஜீன்ஸ் துணியால் சூடு ஏறும்வரை தேய்த்தால் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

என்ன எண்ணெய் போடுவது?

கொஞ்சமாகப் போடுவதுதான் முக்கியம், எண்ணெய் அடுத்ததுதான். நிறைய எண்ணெய் குடித்த தோல் தளர்ந்துவிடும், கஷ்டப்பட்டுப் பிடித்த வடிவம் போய்விடும். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, ஆறியதும் துணியால் மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து மேலே வெள்ளை படியும்.

கொடுவாளுக்கும் இதே முறையில் செய்யலாமா?

அச்சு மாறும். வளைந்த அலகை நேர் உறையில் சொருகவே முடியாது. முதுகுப்பக்கம் பாதிவரை திறந்த உறையாக வெட்டி, பக்கவாட்டில் நுழைத்து, மேலே ஒரு பட்டையும் பட்டனும் போட்டு நிறுத்த வேண்டும். வெட்டுவாய் வரும் பக்கம் நாடாவை இரட்டையாக வையுங்கள், தையலோடு ரிவெட்டும் அடியுங்கள். கத்தரி உறை ஒன்று முடித்த கைக்கு இது அடுத்த வேலையாகச் சரியாக இருக்கும்.

கைத்துப்பாக்கிக்கு உறை தைத்துத் தரச் சொல்லி ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் கேட்கிறார். செய்யலாமா?

தொடக்கத்தில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தோலும் தையலும் ஈர வடிவமும் எல்லாம் இதே வேலைதான். ஆனால் கத்தரி உறை தளர்ந்தால் கத்தரி விழும், துப்பாக்கி உறை தளர்ந்தால் உயிர் போகலாம். விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுதாக மூடியிருக்க வேண்டும். வாய்ப்பகுதியின் தோல் மெத்தென்று இருந்தால் துப்பாக்கியைச் சொருகும்போது உள்ளே மடிந்து விசையை அழுத்திவிடும், பழைய தொய்ந்த உறைகளில் குண்டு வெடிப்பது இப்படித்தான். ஓடினாலும் குனிந்தாலும் நழுவக்கூடாது, ஒரு கையால் உருவவும் வர வேண்டும்.

கை நன்றாகப் பழகியபின் செய்வதென்றாலும் அசல் துப்பாக்கியை உங்கள் பட்டறைக்கு வாங்கிவராதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அதே அளவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த அச்சை வைத்து வடிவம் பிடியுங்கள்.

வீட்டில் "தோல் வேலையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். என்ன சொல்வது?

இதை நிறையப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், தண்ணீர் மொண்டு வரும் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் மக்கள். அந்தத் தையல் ஒழுகாமல் இருந்ததால்தான் மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏறியது. வாரும் செருப்பும் அவர்கள் கையில்தான் வந்தன. அந்த வேலையில் உண்டான எல்லாவற்றையும் ஊர் அனுபவித்தது, செய்தவர்களை மட்டும் தள்ளி வைத்தது. அசிங்கம் அந்தத் தள்ளி வைத்ததில் இருக்கிறதே தவிர தோலில் இல்லை. வீட்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருப்பார். குத்தூசி பிடிப்பதையும் தோல் சீவுவதையும் எந்த வீடியோவைவிடவும் நன்றாக அவரால் காட்ட முடியும். தொழில் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற மரியாதையோடு போங்கள், வாங்க போங்க என்று பேசுங்கள், அவர் செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

கத்தரியை ராத்திரியும் உறையிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பட்டைத் தோலின் புளிப்பும் சேர்ந்து அலகில் துரு ஏற்றும். வேலை முடிந்ததும் பால், பிசின் எல்லாம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கத்தரியைத் தனியாக மாட்டுங்கள். ஐப்பசி அடைமழையில் உறையில் பூஞ்சணம் பூத்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த துணியால் துடைத்து, காற்றாட நிழலில் காயவைத்து, மறுபடி மெழுகு போடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் கட்டாயம் பூக்கும்.

இரண்டு வருஷத்தில் தையல் விட்டுப்போனால் முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

தேவையில்லை. அறுந்த நூலை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல தையல் இருக்கும் இடத்தில் மூன்று துளை முன்னாலேயே தொடங்கி, பழைய துளைகளிலேயே புது நூலை ஓட்டி, மறுபக்கமும் மூன்று துளை தாண்டி முடியுங்கள். நூல் நுனியைப் பின்பக்கத்தில் ஒட்ட வெட்டி, லைட்டரால் லேசாகச் சுட்டு அழுத்திவிட்டால் போதும். புதிதாகத் துளை மட்டும் போடாதீர்கள், பழைய துளைகளுக்கு நடுவே குத்தினால் தபால்தலை மாதிரி தோல் அந்த வரிசையிலேயே கிழிந்துவரும்.